பழைய ரிமோட், கீபோர்டு, ஜாய்ஸ்டிக்கை ஆர்டுயினோவில் இணைத்தும் வேலை செய்யவில்லையா? அறிகுறியை வைத்துக் கோளாறைக் கண்டுபிடிக்கலாம்

செட்டாப் பாக்ஸ் ரிமோட், பிஎஸ்/2 கீபோர்டு (வட்ட பிளக் உள்ள பழைய வகை), கேம்பேடில் இருக்கும் ஜாய்ஸ்டிக், மவுஸ் சக்கரம், லேண்ட்லைன் போனின் சுழல் டயல் எல்லாமே ஆர்டுயினோ, ஈஎஸ்பி32 போன்ற, நாமே புரோகிராம் எழுதி ஓட்டும் மைக்ரோகன்ட்ரோலர் போர்டுகளுக்கு நல்ல கட்டுப்பாட்டுக் கருவிகள். புதிதாக வாங்கும் மலிவு மாட்யூல்களைவிட இவற்றின் பட்டன்களும் தண்டுகளும் உறுதியானவை. ஆனால் இணைத்தவுடன் வேலை செய்யாவிட்டால், பழசுதானே, போயிருக்கும் என்று பலரும் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள்.

பெரும்பாலும் அந்தப் பாகம் போயிருக்காது. பழைய போர்டில் இருந்தபோது அதற்கு ஒரு புல்-அப் ரெசிஸ்டர் (சிக்னல் பின்னைச் சப்ளை பக்கம் இழுத்து வைப்பது), ஒரு கெப்பாசிட்டர், சரியான வோல்டேஜ், அதன் சிக்னலைப் புரிந்துகொள்ளும் ஒரு சிப் என்று துணைகள் இருந்தன. நாம் பாகத்தை மட்டும் கழற்றிக்கொண்டு துணைகளை அங்கேயே விட்டுவிட்டோம். எந்தத் துணை இல்லை என்பதை வருகிற அறிகுறியே காட்டிக்கொடுக்கும்.

அதனால் முதல் வேலை, கழற்றுவதற்கு முன்பே நடக்க வேண்டியது. சாதனத்துக்கு இன்னும் உயிர் இருந்தால், மல்டிமீட்டரை டிசி வோல்டேஜில் வைத்து, பாகத்தின் ஒவ்வொரு பின்னிலும் எவ்வளவு வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். எது கிரவுண்ட், எது சப்ளை, சப்ளை 5 வோல்ட்டா 3.3 வோல்ட்டா, சும்மா இருக்கும்போது சிக்னல் பின் மேலே நிற்கிறதா கீழே நிற்கிறதா என்று எல்லாம் தெரிந்துவிடும். பின்னால் வரும் பாதிப் பிரச்சினைகள் இதிலேயே தீரும். போர்டை மொபைலில் இரண்டு பக்கமும் போட்டோ எடுத்தும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. உள்ளேயே பவர் சப்ளை இருக்கும் பெட்டிகளை மின்சாரம் இருக்கும்போது திறந்து அளக்காதீர்கள். 230 வோல்ட் ஏசியை டிசியாக்கும் பெரிய கெப்பாசிட்டரில் சுமார் 325 வோல்ட் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது கொஞ்ச நேரம் நிற்கலாம். வெளியே 12 வோல்ட் அடாப்டர் போடும் பெட்டி, பேட்டரியில் ஓடுபவை, யுஎஸ்பியில் ஓடுபவை மட்டுமே இப்படி அளப்பதற்கு ஏற்றவை.

ரிமோட்டில் எதை அழுத்தினாலும் சீரியல் மானிட்டரில் ஒன்றுமே வரவில்லை

சீரியல் மானிட்டர் என்பது போர்டு அனுப்புவதைக் கம்ப்யூட்டரில் காட்டும் ஜன்னல். ரிமோட், அதன் அகச்சிவப்பு ஒளியைப் பிடிக்கும் மூன்று கால் ரிசீவர், புரோகிராம் என்று இங்கே மூன்று பேர் சம்பந்தப்பட்டிருக்கிறார்கள். வரிசையாகப் பார்க்கலாம்.

ரிமோட்டின் எல்இடியை மொபைல் கேமராவுக்கு நேராகப் பிடித்து ஒரு பட்டனை அழுத்துங்கள். வெளிர் ஊதா நிறத்தில் மினுக்கினால் ரிமோட் நலம். பின் கேமராவில் தெரியாவிட்டால் முன் கேமராவில் பாருங்கள். பல மொபைல்களின் பின் கேமராவில் அகச்சிவப்பைத் தடுக்கும் ஃபில்டர் இருக்கும். எந்தப் பட்டனுக்கும் மினுக்கவில்லை, பேட்டரியும் புதிது, ஸ்பிரிங்கிலும் பச்சை பிடிக்கவில்லை என்றால், அந்த ரிமோட் எப்போதாவது கீழே விழுந்ததா என்று யோசித்துப் பாருங்கள். பழைய ரிமோட்டுகளுக்குள் 455 என்று அச்சிட்ட இரண்டு கால் ரெசனேட்டர் ஒன்று இருக்கும். 455 கிலோஹெர்ட்ஸை 12ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 38 கிலோஹெர்ட்ஸ். ரிமோட் அனுப்பும் அலைவரிசை அப்படித்தான் உருவாகிறது. விழுந்தால் உள்ளே விரிசல் விடுவது இதுதான். அதே எண் போட்ட இன்னொன்றை வேறு ஒரு உதவாத ரிமோட்டிலிருந்து எடுத்துச் சால்டர் செய்தால் உயிர் வந்துவிடும். சில பட்டன்கள் மட்டும் வேலை செய்யவில்லை என்றால் ரப்பரின் அடியில் இருக்கும் கருப்புக் கார்பனையும் போர்டையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்தால் போதும்.

ரிமோட் சரி என்றால் ரிசீவர். இங்கேதான் அதிகம் பேர் மாட்டிக்கொள்கிறார்கள், ஏனென்றால் ஒரே மாதிரி தெரியும் மூன்று கால் ரிசீவர்களின் பின் வரிசை ஒன்றல்ல. முகத்தை உங்கள் பக்கம் வைத்து இடமிருந்து பார்த்தால், டிஎஸ்ஓபி1738க்கு கிரவுண்ட், சப்ளை, அவுட்புட். டிஎஸ்ஓபி4838, விஎஸ்1838பி ஆகியவற்றுக்கு அவுட்புட், கிரவுண்ட், சப்ளை. சப்ளையும் கிரவுண்டும் மாறிப்போனால் சில வினாடிகளில் சூடாகும். கை வைத்துப் பார்த்தாலே தெரியும். செட்டாப் பாக்ஸிலிருந்து கழற்றியதில் எண்ணே இருக்காது. அதற்குத்தான் முன்பே அளந்து வைக்கச் சொன்னேன். அளக்கவில்லை என்றால், பழைய போர்டில் அந்தக் கால்கள் இருந்த இடத்தைப் பாருங்கள். அகலமான செம்புப் பரப்போடு சேர்வது கிரவுண்ட். ஒரு சிறு ரெசிஸ்டர் வழியாக வந்து கெப்பாசிட்டரைத் தொடுவது சப்ளை.

வோல்டேஜும் முக்கியம். டிஎஸ்ஓபி1738 என்பது 4.5 முதல் 5.5 வோல்ட் வரை வேலை செய்யும் பாகம். அதை ஈஎஸ்பி32இன் 3.3 வோல்ட்டில் போட்டுவிட்டு கை எட்டும் தூரம்கூட எடுக்கவில்லை என்று புலம்புவதில் பயனில்லை. டிஎஸ்ஓபி4838 வகை 3.3 வோல்ட்டிலும் நன்றாக ஓடும்.

ரிசீவர் உயிரோடு இருக்கிறதா என்பதை ஆர்டுயினோ இல்லாமலே பார்க்கலாம். சப்ளை கொடுத்து அவுட்புட்டில் மீட்டரை வையுங்கள். சும்மா இருக்கும்போது ஏறக்குறைய சப்ளை அளவே காட்ட வேண்டும். ரிமோட்டை அழுத்திப் பிடித்தால் அந்த எண் சற்றுக் குறைந்து ஆடும். ஆடினால் மின் இணைப்பில் குறையில்லை, மிச்சம் புரோகிராமில்தான்.

புரோகிராமில் வழக்கமான காரணம், பழைய உதாரண ஸ்கெட்ச்சை (ஆர்டுயினோ புரோகிராமை) புதிய லைப்ரரியில் ஓட்டுவது. ரிமோட் சிக்னலைப் படிக்கும் ஆயத்தத் தொகுப்பான ஐஆர்ரிமோட் லைப்ரரி 3ஆம் பதிப்பிலிருந்து எழுதும் முறையே மாறிவிட்டது. இணையத்தில் கிடைக்கும் பல ஸ்கெட்ச்கள் அதற்கு முந்தையவை. லைப்ரரியோடு வரும் எளிய ரிசீவர் உதாரணத்தை அப்படியே முதலில் ஓட்டிப் பாருங்கள். முதல் பட்டன் மட்டும் வந்து அப்புறம் மௌனம் என்றால், ஒவ்வொரு எண்ணையும் படித்த பின், அடுத்ததைப் பிடிக்கச் சொல்லும் ரெஸ்யூம் அழைப்பு விடுபட்டிருக்கிறது.

ஒரே பட்டன், ஆனால் கோட் மாறி மாறி வருகிறது

இது பழுதே இல்லாமல் இருக்கவும் வாய்ப்புண்டு. மாறும் விதத்தைப் பாருங்கள்.

ஒரு முறை ஒரு எண், அடுத்த முறை அதைவிட 2048 அதிகம், மூன்றாம் முறை மறுபடி பழைய எண் என்று வந்தால் அது பிலிப்ஸின் ஆர்சி5 முறை. பட்டனை விட்டு மறுபடி அழுத்தும்போதெல்லாம் ஒரு பிட் மாறும்படி அதை வடிவமைத்திருக்கிறார்கள். அழுத்திப் பிடித்திருப்பதா, இரண்டு முறை அழுத்தியதா என்று டிவிக்குத் தெரிய வேண்டுமே, அதற்காக. அந்தப் பிட்டை நீக்கிவிட்டு ஒப்பிட்டால் போதும். புதிய லைப்ரரியில் முழு எண்ணுக்குப் பதில் கமாண்ட் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டால் இந்தத் தொல்லையே கிடையாது.

முதலில் சரியான கோட், அப்புறம் 4294967295 என்ற பெரிய எண் வரிசையாக வந்தால் அது என்இசி முறை. விரல் இன்னும் பட்டனில் இருக்கிறது என்று ஏறக்குறைய 108 மில்லி செகண்டுக்கு ஒரு தரம் ரிமோட் சொல்வதைப் பழைய லைப்ரரி அப்படிக் காட்டும். ஒலியைக் கூட்டுவது, மோட்டார் வேகத்தை ஏற்றுவது போன்றவற்றுக்கு இதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். விளக்கு அணைத்துப் போடுவதற்கு இதைப் புறக்கணியுங்கள்.

ஒரே கோட் மூன்று தடவை வந்தால் சோனி ரிமோட். ஒரு அழுத்தலுக்குக் குறைந்தது மூன்று முறை, 45 மில்லி செகண்ட் இடைவெளியில் அனுப்புவது அதன் வழக்கம். முதலாவதை ஏற்றுக்கொண்டு அடுத்த 200 மில்லி செகண்டுக்குக் காதை மூடிக்கொள்ளச் சொன்னால் சரியாகிவிடும்.

இவை எதிலும் சேராமல், யாரும் தொடாதபோதும் குப்பை எண்கள் வந்தால் அதுதான் உண்மையான கோளாறு. ரிசீவரைத் துணியால் மூடுங்கள். குப்பை நின்றால் வெளிச்சம்தான் காரணம்: நேர் வெயில், சில வகை டியூப் லைட்டின் எலெக்ட்ரானிக் சோக். மூடியும் நிற்கவில்லை என்றால் சப்ளை கலங்கலாக இருக்கிறது. சப்ளை ஒயரில் 100 ஓம் ரெசிஸ்டர், ரிசீவரின் காலுக்கு அருகிலேயே சப்ளைக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 4.7 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் போடுங்கள். பழைய போர்டில் அதன் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்தவை இந்த இரண்டும்தான். அங்கிருந்தே கழற்றிக்கொள்ளலாம்.

ரிமோட் வேலை செய்கிறது, ஆனால் மோட்டாரின் வேகக் கட்டுப்பாடு நின்றுவிட்டது

ஆர்டுயினோ ஊனோ போர்டில் ஐஆர்ரிமோட் லைப்ரரி டைமர் 2ஐ எடுத்துக்கொள்கிறது. 3, 11 ஆகிய பின்களின் பிடபிள்யூஎம் (வேகமாக ஆன்-ஆஃப் செய்து வேகத்தை மாற்றும் முறை) அதே டைமரில் ஓடுவது. பஸ்ஸர் ஒலிக்கான டோன் கட்டளையும் அப்படியே. மோட்டாரை 5, 6, 9, 10 ஆகியவற்றில் ஒன்றுக்கு மாற்றுங்கள். ஒயர், டிரைவர் போர்டு எல்லாவற்றையும் சந்தேகப்பட்டு மாற்றிய பிறகே பலர் இதற்கு வந்து சேர்கிறார்கள்.

ஒரு மீட்டருக்கு மேல் எடுக்கவில்லை

ரிமோட் 36 அல்லது 40 கிலோஹெர்ட்ஸில் அனுப்ப, ரிசீவர் 38க்கானதாக இருந்தால் தூரம் குறையும், அடியோடு நிற்காது. டிஎஸ்ஓபி எண்ணின் கடைசி இரண்டு இலக்கம்தான் அந்த அலைவரிசை. இன்னொரு காரணம் நீங்கள் செய்த பெட்டி. கருப்பாகத் தெரிந்தாலும் டிவி முன்பக்கத்தின் பிளாஸ்டிக் அகச்சிவப்பை விடும். எல்லாக் கருப்புப் பிளாஸ்டிக்கும் விடாது. அந்தத் துண்டையும் வெட்டி எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

தொடாமலே பட்டன் அழுத்தியதாகக் காட்டுகிறது. கை அருகில் போனால் மாறுகிறது

புல்-அப் இல்லை. பட்டன் திறந்திருக்கும்போது பின் எதோடும் சேராமல் அந்தரத்தில் நிற்கிறது. சுற்றியிருக்கும் மின்கம்பிகளின் இரைச்சலையெல்லாம் படிக்கிறது. பின்னை இன்புட்_புல்அப் (INPUT_PULLUP) என்று அறிவித்து, பட்டனின் மறுகாலை கிரவுண்டில் கொடுங்கள். ஊனோவின் உள் புல்-அப் 20 முதல் 50 கிலோ ஓம் வரை. ஒயர் ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் என்று நீண்டால் அது போதாது. வெளியே 4.7 கிலோ ஓம் ஒன்று போடுங்கள்.

ஈஎஸ்பி32இல் 34 முதல் 39 வரையுள்ள பின்களுக்கு உள் புல்-அப் கிடையாது. புரோகிராமில் எழுதினால் பிழை காட்டாமல் ஏற்றுக்கொள்ளும், ஆனால் ஒன்றும் நடக்காது. வேறு பின்னுக்கு மாறுங்கள், அல்லது வெளியே ரெசிஸ்டர்.

புல்-அப் இருந்தும் ஆடினால் கிரவுண்டைப் பாருங்கள். பழைய சாதனம் ஒரு அடாப்டரில், ஆர்டுயினோ இன்னொன்றில் ஓடினால், இரண்டின் கிரவுண்டையும் ஒரு ஒயரால் சேர்த்தே ஆக வேண்டும்.

மீட்டரில் பீப் வரவில்லை, ஆனால் அந்தக் கீபேட் பழைய சாதனத்தில் நன்றாகத்தான் இருந்தது

ரப்பர் கீபேடின் கார்பன் தொடர்புக்கு நூற்றுக்கணக்கான ஓம், சில சமயம் ஆயிரக்கணக்கில்கூட ரெசிஸ்டன்ஸ் இருக்கும். பீப் ஒலி சில பத்து ஓமுக்குள்தான் வரும். மீட்டரை 20 கிலோ ஓம் ரேஞ்சில் வைத்து அளங்கள். எந்த இரண்டு கால்களுக்கு நடுவே எந்தப் பட்டன் என்று ஒரு தாளில் கட்டம் போட்டுக் குறித்தால் மேட்ரிக்ஸ் வரைபடம் கையில் வந்துவிடும். போன் கீபேட் என்றால் பெரும்பாலும் 4 வரி, 3 நெடுவரி, மொத்தம் 7 ஒயர். மூன்று பட்டனை ஒன்றாக அழுத்தும்போது நான்காவது ஒன்று தானாக வந்தால் அது மேட்ரிக்ஸின் இயல்பு. பட்டனுக்கு ஒரு டையோடு போட்டால்தான் போகும். கதவுப் பூட்டு மாதிரி வேலைக்கு அது தேவையில்லை.

ஒரு தடவை அழுத்தினால் மூன்று நான்கு என்று எண்ணுகிறது. சுழல் டயலில் தப்பான எண் வருகிறது

உலோகத் தொடர்புகள் மூடும்போது சில மில்லி செகண்ட் துள்ளும். நமக்கு ஒன்று, மைக்ரோகன்ட்ரோலருக்குப் பல. பட்டன் என்றால் இந்தத் துள்ளலை வடிகட்ட ஆர்டுயினோவோடு வரும் டிபவுன்ஸ் உதாரணத்தை எடுத்துப் போடலாம். அதில் காத்திருப்பு 50 மில்லி செகண்ட்.

பழைய கருப்பு டெலிபோனின் சுழல் டயலுக்கு அந்த 50 ஒத்துவராது. டயல் திரும்பி வரும்போது நொடிக்கு ஏறக்குறைய 10 துடிப்புகள் கொடுக்கும். ஒவ்வொரு துடிப்பிலும் தொடர்பு 60 மில்லி செகண்டுக்குச் சற்று மேல் திறந்திருக்கும், மிச்ச 30, 40 மில்லி செகண்ட்தான் மூடியிருக்கும். 50 மில்லி செகண்ட் நிலையாக இருந்தால்தான் நம்புவேன் என்று புரோகிராம் சொன்னால், மூடியதை அது ஒருபோதும் பார்க்காது. அதனால் எந்த எண்ணைச் சுழற்றினாலும் 1 என்றே வரும். 10 மில்லி செகண்டாகக் குறைத்தால் சட்டென்று சரியாகும். மாறாக 3 சுழற்றினால் 5, 6 என்று கூடி வந்தால் காத்திருப்பு போதவில்லை, அல்லது தொடர்புப் பட்டையில் கறை பிடித்திருக்கிறது. தடித்த தாளை ஆல்கஹாலில் நனைத்து நடுவே இழுத்து எடுங்கள். உப்புத்தாள் போடாதீர்கள், மேலே இருக்கும் பூச்சு போய்விடும்.

0 என்பது 10 துடிப்பு. புரோகிராமில் அதை மறந்தவர்களுக்குக் கடைசி எண் மட்டும் தப்பும். டயலுக்குள் இன்னொரு தொடர்பும் உண்டு, சுழற்ற ஆரம்பித்ததும் மாறி, முழுதாகத் திரும்பியதும் பழைய நிலைக்கு வருவது. எண் முடிந்ததை அதை வைத்தே தெரிந்துகொள்ளலாம்.

மவுஸ் சக்கரம் ஒரு பக்கம் திருப்பினால் முன்னும் பின்னும் எண்ணுகிறது

சக்கரத்தின் சுவிட்சில் உள்ள மூன்று கால்களில் பொதுக் காலைத் தப்பாகப் பிடித்திருக்கலாம். மெதுவாகத் திருப்பிக்கொண்டே அளங்கள்: பொதுக் காலிலிருந்து மற்ற இரண்டுக்கும் பாதி நேரம் தொடர்பு இருக்கும், மற்ற இரண்டுக்கும் இடையே அதிலும் பாதிதான். கால் சரி என்றால் துள்ளல். ஒவ்வொரு சிக்னலுக்கும் 10 கிலோ ஓம் புல்-அப், கிரவுண்டுக்கு 104 என்று அச்சிட்ட 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் போதும். ஒரு கிளிக்குக்கு 2 அல்லது 4 என்று சீராக ஏறினால் பழுதில்லை, வகுத்துக்கொள்ளுங்கள்.

ஜாய்ஸ்டிக் எண்கள் விசித்திரமாக இருக்கின்றன

கேம்பேடின் தண்டுக்குள் இருப்பது இரண்டு பொட்டென்ஷியோமீட்டர், பெரும்பாலும் 10 கிலோ ஓம். ஊனோவில் எப்போதும் 1023 என்றால் கிரவுண்ட் ஒயர் விட்டிருக்கிறது. எப்போதும் 0 என்றால் சப்ளை விட்டிருக்கிறது. ஒரு அச்சை அசைத்தால் இரண்டும் சேர்ந்து மாறுகிறது என்றால் அசையாத அச்சின் நடுக்கால் ஒயர் இல்லை. ஏடிசி (வோல்டேஜை எண்ணாக்கும் பகுதி) முந்தைய அளவின் மிச்சத்தையே படிக்கிறது. இந்த மூன்றையும் மனதில் வைத்தால் மீட்டரே தேவைப்படாது.

நடுவில் 512 வராமல் 490, 530 என்று நிற்பது சகஜம். ஆன் செய்தவுடன் நடு அளவைப் படித்து வைத்து, அதற்கு இரு பக்கமும் 20, 30 அளவுக்கு மாற்றத்தைக் கண்டுகொள்ளாதீர்கள். ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் எண் தாவினால் கார்பன் தடம் தேய்ந்துவிட்டது. கான்டாக்ட் கிளீனர் கொஞ்ச நாள் தாங்கும், மாற்றுவதே நிரந்தரம்.

ஈஎஸ்பி32இல் ஜாய்ஸ்டிக்குக்கு 3.3 வோல்ட் மட்டுமே கொடுங்கள். 5 வோல்ட் கொடுத்தால் பின்னே போய்விடும். வைஃபை ஆன் செய்ததும் எண்கள் உறைந்து போனால் ஏடிசி2 பின்னில் கொடுத்திருக்கிறீர்கள். 32 முதல் 39 வரை உள்ள ஏடிசி1 பின்களுக்கு மாற்றுங்கள்.

பிஎஸ்/2 கீபோர்டில் குப்பை எழுத்து, அல்லது ஒன்றுக்கு மூன்றாக வருகிறது

சப்ளை கொடுத்ததும் கீபோர்டின் மூன்று விளக்குகளும் ஒரு முறை மின்னி அணைய வேண்டும். மின்னினால் சப்ளையும் கிரவுண்டும் சரி. ஒயரின் நிறத்தை நம்பாதீர்கள், அதற்குப் பொது விதி இல்லை. 6 பின் பிளக்கிலிருந்து மீட்டர் வைத்தே தேடுங்கள்: 1 டேட்டா, 3 கிரவுண்ட், 4 ஐந்து வோல்ட், 5 கிளாக்.

ஏ என்ற கீயை அழுத்தினால் 28, விட்டால் 240, 28 என்று வருவதுதான் முறை. 240 வந்தால் அடுத்த எண்ணை விட்டுவிடுங்கள். எண்களே தாறுமாறாக இருந்தால் கிளாக் ஒயரைப் பாருங்கள். கீபோர்டே நொடிக்கு 10,000க்கு மேல் கிளாக் அடிக்கும், ஒவ்வொரு இறக்கத்திலும் ஒரு பிட் படிக்க வேண்டும். ஊனோவில் அதற்கு இன்டரப்ட் (சிக்னல் மாறியதும் புரோகிராமை உடனே அழைக்கும் வசதி) உள்ள 2 அல்லது 3ஆம் பின் வேண்டும். இரண்டு ஒயருக்கும் புல்-அப்பும் வேண்டும்.

கேப்ஸ் லாக் விளக்கு எரியவில்லை என்று கீபோர்டைக் கழித்துவிடாதீர்கள். விளக்கைப் போடச் சொல்வது கம்ப்யூட்டரின் வேலை. 237 என்ற கட்டளையை நீங்கள் அனுப்பினால் அது 250 என்று பதில் சொல்லிக் காத்திருக்கும். எந்த விளக்கு என்பதை அப்புறம் அனுப்பினால் எரியும்.

யுஎஸ்பி கீபோர்டை ஊதா நிற அடாப்டரில் செருகி முயல்பவர்களுக்கு: அந்த அடாப்டருக்குள் வெறும் ஒயர்தான். இரண்டு முறையும் தெரிந்த பழைய கீபோர்டுகள் மட்டுமே அதில் பேசும்.

கேம் கன்ட்ரோலரில் எல்லா எண்ணும் 255

255 என்றால் யாரும் பேசவில்லை, டேட்டா ஒயர் சும்மா மேலே நிற்கிறது என்று பொருள். பிளேஸ்டேஷன் 2 கன்ட்ரோலராக இருந்தால் டேட்டா ஒயருக்கும் 3.3 வோல்ட்டுக்கும் நடுவே 1 முதல் 10 கிலோ ஓம் வரை ஒரு புல்-அப் போட்டு, பின்களை மறுபடி சரிபாருங்கள். போலித் தயாரிப்புகளில் ஒயர் நிறம் மாறும். பட்டன்கள் வேலை செய்து தண்டுகள் மட்டும் அசையவில்லை என்றால் கன்ட்ரோலர் டிஜிட்டல் நிலையில் இருக்கிறது. அடையாள எண் 65 என்று வரும். அனலாக் பட்டனை அழுத்தினால் 115 ஆகும்.

நின்டெண்டோ வீயின் கைப்பிடிக் கன்ட்ரோலரான நன்ச்சக் என்றால் ஐ2சி (இரண்டு ஒயரில் பேசும் முறை) முகவரி 82. முகவரி கிடைத்தும் அளவுகள் அர்த்தமில்லாமல் வந்தால் தொடக்கக் கட்டளை பொருந்தவில்லை. 240ஆம் இடத்தில் 85, அப்புறம் 251ஆம் இடத்தில் 0 என்று எழுதிவிட்டுப் படியுங்கள். அசலுக்கும் நகலுக்கும் இது பொருந்தும். அது 3.3 வோல்ட் கருவி. ஊனோவின் வயர் லைப்ரரி உள் புல்-அப்பை 5 வோல்ட்டுக்கு இழுக்கும் என்பதால் நடுவே 5 வோல்ட் சிக்னலை 3.3 வோல்ட்டுக்கு மாற்றும் ஒரு லெவல் ஷிஃப்டர் வையுங்கள்.

யுஎஸ்பியில் ஓடும்போது சரி, மோட்டார் ஓடியதும் எல்லாம் குழம்புகிறது

இதற்கும் கழற்றிய பாகத்துக்கும் சம்பந்தமில்லை. மோட்டார் கிளம்பும்போது சப்ளை இறங்கி போர்டு ரீசெட் ஆகிறது. மோட்டாருக்குத் தனி சப்ளை, கிரவுண்ட் மட்டும் பொது, மோட்டாரின் இரண்டு முனைக்கும் நடுவே 104 கெப்பாசிட்டர் ஒன்று. இவற்றைச் செய்த பிறகும் குழம்பினால், ரிசீவருக்கோ ஜாய்ஸ்டிக்குக்கோ போகும் ஒயரை மோட்டார் ஒயரிலிருந்து பிரித்து வேறு பக்கமாகக் கொண்டுபோங்கள்.